அப்புறம் எழுதிச் சொல்கிறேன்

மே 18

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகம். நீ ஊர் போய்ச் சேர்ந்த செய்திக்குக் காத்திருந்து கண் பூத்துப்போய், கடைசியில் நானே பேனாவை எடுத்துவிட்டேன். உன் மனைவியும் மகளும் சுகமா?

ஊரெல்லாம் கட்டடம் கட்டுகிற பெரிய மேஸ்திரி லீவு போட்டு வந்து, அக்கா வீட்டு மழைத்தண்ணீர்த் தொட்டிக்குத் தன் கையாலேயே பூச்சு பூசிக் கொடுத்தான் என்று பக்கத்துச் சலவைக்கடை அம்மாவிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. "விரிசல் விட்டிருக்குக்கா, இப்பவே பூசலன்னா இந்த மழைக்குத் தாங்காது" என்று நீ தாளில் எழுதிக் காட்டியதும் தைத்துக்கொண்டிருந்த மெத்தையைப் போட்டுவிட்டு ஓடி வந்தேனே. சிமென்டு கலந்ததில் இன்னும் என் உள்ளங்கை எரிகிறது. இருக்கட்டும். எங்கள் பின்கட்டில் விழுகிற மழையெல்லாம் அந்தத் தொட்டியில் இறங்கி, உன் பங்குக்கு வந்த முன்கட்டுக்கு அடியில் அப்பா புதைத்த குழாய் வழியாகத்தானே தெரு வடிகாலுக்குப் போகவேண்டும்? அதற்கு வேறு வாசல் ஏது?

ஒன்று கேட்க மறந்தேன். தொட்டியடியில் நீ குனிந்து பூசிக்கொண்டிருந்தபோது, முன்கட்டுக்கு வாடகைக்கு வரப்போகிற மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வந்து நின்றார் அல்லவா? நீங்கள் இருவரும் ஏதோ பேசினீர்கள். பிறகு அவர் என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். நான் வழக்கம்போலத் தலையாட்டி வைத்தேன். பஞ்சடிக்கிற மெஷின் என் காதைத் தின்ற பிறகு, நாலு பேர் நடுவில் "என்ன, என்ன" என்று கேட்டு நான் குறுகிப்போனபோது, "நீ சும்மா தலையாட்டிடுக்கா, அப்புறம் நான் எழுதிச் சொல்றேன்" என்று வழி காட்டியவன் நீதானே. டாக்டரிடமும் பாங்கிலும் அப்படித்தான் ஓட்டினோம். வீட்டுக்கு வந்ததும் ஒன்று விடாமல் எழுதிக் காட்டுவாய். இந்தத் தடவை மட்டும் விட்டுப்போயிற்று. அவர் என்ன கேட்டார்?

உடம்பைப் பார்த்துக்கொள். சாரத்தில் ஏறும்போது இளம்பிள்ளை என்ற நினைப்பு வேண்டாம்.

உன் அக்கா

*

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. எல்லோரும் சுகம். அத்தானின் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது? ஈரத்தில் நிற்க விடாதே.

வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, அதனால்தான் தாமதம். கண்ணாடிக் கடைக்காரர் நல்ல மனிதர். முன்பக்கத் தரையைக் கொஞ்சம் மேடாக்கிக்கொள்வார், அதை நீ கண்டுகொள்ளாதே. மழைக்கு முன் கூரையில் இருக்கிற இலை சருகையெல்லாம் அத்தானை விட்டுப் பெருக்கச் சொல். தொட்டி மூடியைத் திறந்து திறந்து பார்க்காதே. புதுப் பூச்சு, அதன் போக்கில் இறுகட்டும்.

உன் உள்ளங்கைக்குத் தேங்காயெண்ணெய் தடவு. உன் கை வைத்தியம் உனக்கே தெரியாதா?

உன் அன்புத் தம்பி

*

ஜூன் 30

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அத்தானும் சுகம். உங்கள் மூவரின் சுகத்தையும் அறிய ஆவல்.

முதல் மழை வந்துவிட்டது. பெரிய மழையும் இல்லை. ஆனால் பின்முற்றத்தில் கணுக்கால் தண்ணீர் நின்றது. தொட்டி நிரம்பி, வழிந்து, "நான் எங்கே போகட்டும்" என்று என்னைக் கேட்பதுபோல் வாசற்படியைத் தொட்டுக்கொண்டு நின்றது. மறுநாளும் வடியவில்லை. நீ பூசுவதற்கு முன் எத்தனை பேய்மழை கொட்டியிருக்கிறது, மழை நிற்பதற்குள் முற்றம் காய்ந்துவிடும். இப்போது என்ன வந்தது?

கண்ணாடிக்காரர் தரையைக் "கொஞ்சம்" மேடாக்குவார் என்று எழுதியிருந்தாய். லாரி லாரியாக மண் கொட்டினார் தம்பி. இப்போது அவர் முற்றத்தில் நிற்கிறவர் என் சமையலறை ஜன்னலை எட்டிப் பார்க்கலாம். நமக்கும் அவருக்கும் நடுவில் இருந்த வேலிக்குப் பதிலாக மதில் எழுப்பி, இரும்புக் கேட்டும் போட்டிருக்கிறார். வாடகைக்கு வந்தவர் இத்தனை செலவு செய்வாரா என்று அத்தான் கேட்கிறார். பெரிய மனசு போலிருக்கிறது என்றேன்.

அத்தான் ஒரு கம்பியை விட்டுக் குழாயைக் குத்திப் பார்க்கட்டுமா? பதில் சீக்கிரம் போடு. அன்று அவர் என்ன கேட்டார் என்பதையும் எழுது.

உன் அக்கா

*

ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு சுகம். அங்கும் அப்படியே இருக்கவேண்டும்.

கம்பி விட்டுக் குத்தவே கூடாது. இதை அத்தானிடம் கண்டிப்பாகச் சொல். அது பழைய மண்குழாய். ஒரு இடத்தில் உடைந்தால் முழுக்கத் தோண்டவேண்டி வரும். வண்டல் அடைத்திருக்கும், தானாகக் கரையும்.

அதற்குள் நான் சொல்கிறபடி செய்யுங்கள். கூரை விளிம்பு முழுக்க மடித்த தகரம் அடித்து, அந்தத் தண்ணீரைப் பீப்பாயில் பிடியுங்கள். பாதி மழை அங்கேயே நின்றுவிடும். முற்றத்துத் தரைக்கு வாட்டம் வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக இருக்கவேண்டும். கண்ணால் பார்த்து நம்பாதே. உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் பிடித்து மட்டம் பாருங்கள், தண்ணீர் பொய் சொல்லாது. மூலையில் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, அடியில் செங்கல் உடைசல், மேலே கூழாங்கல், அதற்கு மேல் மணல் போட்டால் மிச்சத் தண்ணீரை நிலம் குடித்துக்கொள்ளும்.

இவ்வளவும் செய்தால் குழாயே தேவைப்படாது. மகள் அத்தையைக் கேட்டதாக எழுதச் சொல்கிறாள்.

உன் அன்புத் தம்பி

*

ஆகஸ்ட் 6

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் சுகம். என் மருமகளுக்கு அத்தையின் முத்தங்கள்.

நீ சொன்ன அத்தனையும் செய்தாயிற்று. அத்தான் ஏணியில் ஏறித் தகரம் அடித்தார், நான் கீழே நின்று பதறினேன். டியூபில் மட்டம் பார்க்க அவர் ஒரு முனையும் நான் ஒரு முனையும் பிடித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றியதைப் பார்த்து, சலவைக்கடை அம்மா சிரித்துச் சிரித்து இஸ்திரிப் பெட்டியைச் சட்டையிலேயே வைத்துவிட்டாள். வாட்டம் சரியாக வந்துவிட்டது. பீப்பாய் நிரம்புகிறது, துணி துவைக்க ஆகிறது.

குழிதான் ஏமாற்றிவிட்டது. முதல் மழைக்குக் கொஞ்சம் குடித்தது. இரண்டாவது மழைக்கு வாய்வரை நிரம்பி, அப்படியே நின்றது. இப்போது அதில் கொசு குடும்பம் நடத்துகிறது. வெட்டிய ஆள், "அடியில அத்தனையும் களிமண்ணும்மா, இது எங்கேந்து குடிக்கும்?" என்றாராம். நம் முற்றம் களிமண் என்று எனக்கு ஞாபகமில்லாமல் போகலாம். சின்ன வயதில் அதில் பொம்மை செய்து காய வைத்தவன் நீ, உனக்கும் மறந்துவிட்டதா?

விடுதி ஒன்றிலிருந்து மெத்தைகளுக்குப் பெரிய ஆர்டர் வந்திருக்கிறது. வேலை அறையில் பஞ்சு மூட்டை கூரையைத் தொடுகிறது. இந்த ஆர்டரை நல்லபடியாகக் கொடுத்துவிட்டால் வருஷா வருஷம் நமக்கே தருவார்கள். பஞ்சில் ஈரம் பட்டால் கதை முடிந்தது என்று உனக்குத் தெரியும். அதனால் கேட்கிறேன், நீ ஒரு நடை வந்து அந்தக் குழாயைப் பாரேன். உன் கைபட்டால் திறந்துகொள்ளும்.

அன்று அவர் என்ன கேட்டார்? மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

உன் அக்கா

*

செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வீடு மாற்றுகிற அலைச்சலில் பதில் போட முடியவில்லை. இனி மேலே எழுதியுள்ள புது விலாசத்துக்கே எழுது. இரண்டு அறை, சொந்தச் சமையலறை, மொட்டைமாடி. மகள் குதிக்கிறாள்.

இப்போது வர லீவு கிடைக்காது. வேலை அறை வாசலுக்கு முழங்கால் உயரத்துக்குச் செங்கல் வரம்பு கட்டுங்கள். மழை இருட்டினால் மணல் மூட்டையை இரண்டு அடுக்காக, செங்கல் கட்டுகிற மாதிரி இணைப்பு மாற்றி மாற்றி அடுக்கவேண்டும். பஞ்சைப் பலகைமேல் ஏற்றி வை.

கண்ணாடிக்காரரைப் போய்த் தொந்தரவு செய்யாதே. அவருக்கு வேலை அதிகம்.

உன் தம்பி

*

அக்டோபர் 11

அன்புள்ள தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறோம். நீ சுகமா?

முந்தாநாள் காலையில் பிடித்த மழை நேற்று மாலைதான் விட்டது. வரம்பு கட்டியிருந்தோம். மணல் மூட்டை அடுக்கியிருந்தோம், நீ சொன்னபடி இணைப்பு மாற்றித்தான். தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை தம்பி, தரை வழியாக வந்தது. வெளியே முழங்காலுக்கு நின்ற தண்ணீர் சுவருக்கு அடியில் புகுந்து, சிமென்டுத் தரையின் வெடிப்பில் ஊற்று மாதிரி கிளம்பியது. பலகைமேல் இருந்த பஞ்சு தப்பிக்கும் என்று நினைத்தேன். பலகையே மிதந்தது.

விடுதிக்குத் தைத்து முடித்த மெத்தைகள் அத்தனையும் போயிற்று. நனைந்த மெத்தையைத் தூக்கிப் பார்த்திருக்கிறாயா? நாங்கள் இருவர் சேர்ந்து ஒன்றைக்கூட அசைக்க முடியவில்லை. அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். விடுதிக்காரர் வந்து பார்த்தார். பாவம், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஆர்டரை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக்காரர் முற்றம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது.

நாளைக்குக் குழாய் அடைப்பு எடுக்கிறவரை வரச் சொல்லியிருக்கிறேன். மண்குழாய் உடைந்தால் உடையட்டும்.

அக்கா

*

அக்டோபர் 20

தம்பிக்கு,

என் போன கடிதத்துக்கு உன் பதில் வரவில்லை. அதற்குக் காத்திராமல் எழுதுகிறேன்.

அடைப்பு எடுக்கிறவர் நீளமான மூங்கில் பிளாச்சைக் குழாய்க்குள் விட்டார். கை நீளம்கூடப் போகவில்லை, டங்கென்று நின்றதாம். தொட்டிக்குள் இறங்கிச் சுரண்டிப் பார்த்தார். வண்டலும் இல்லை, வேரும் இல்லை. குழாயின் வாயில் செங்கல் வைத்து, அதன்மேல் வழுவழுவென்று பூசியிருக்கிறது. உளியால் அடித்துப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்தார். "கலவை பிரமாதம்மா, உளியே ஏற மாட்டேங்குது. யாரு கலந்தது?" என்று கேட்டாராம். அத்தான் அதைத் தாளில் எழுதி என்னிடம் நீட்டினார். நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் கலந்தது. சட்டி சட்டியாக நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அத்தானைக் கூட்டிக்கொண்டு கண்ணாடிக்காரர் வீட்டுக்குப் போனேன். வாடகைக்கு இருப்பவர் இல்லையாம், முன்கட்டை வாங்கியவராம். பத்திரம் முடிந்து ஐந்து மாதம் ஆகிறதாம். விற்பதானால் முதலில் என்னிடம் சொல்வதாக அப்பா முன்னால் நீ வாக்குக் கொடுத்தது போகட்டும். குழாயைப் பற்றிக் கேட்டதும் அந்த மனிதர் திகைத்துப்போனார். "உங்களை வச்சுக்கிட்டுத்தானேம்மா பேசினோம்! குழாயை அடைக்கிறதுல உங்களுக்குச் சம்மதம்தானான்னு உங்ககிட்டயே கேட்டேனே! நல்லாத் தலையாட்டினீங்களே!" என்றாராம். அத்தான், "அவளுக்குக் காது கேக்காதுங்க" என்றாராம். அந்த மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "அவர் சொல்லவே இல்லையே" என்பது மட்டும் அவர் உதட்டசைவிலேயே எனக்குப் புரிந்தது.

நான் யார்மேலும் பழி போட அவசரப்படவில்லை. நான் அன்று எதற்குத் தலையாட்டினேன் என்று உன் கையால் எழுது. அது போதும்.

அக்கா

*

நவம்பர் 16

என் அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி ஆயிரம் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் நஷ்டத்தைப் படித்ததிலிருந்து எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. அத்தானின் நெஞ்சு எப்படி இருக்கிறது?

நீ கோபமாக எழுதியிருக்கிறாய். கொஞ்சம் நிதானமாக யோசி. நான் ஒளிவு மறைவாக எதுவும் செய்யவில்லை. பட்டப்பகலில், உன் கண்ணெதிரில்தான் செய்தேன். அடியில் பிறத்தியார் குழாய் ஓடுகிற மனை வேண்டாம் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். உன்னையும் வைத்துக்கொண்டுதான் பேசினோம். நீ தலையாட்டினாய். அக்கா மனசார விட்டுக்கொடுக்கிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். எத்தனை காலம் நானும் வாடகை வீட்டில் ஒண்டிக்கிடப்பது? மகளுக்கும் வயசாகிறது. விற்கப்போகிறேன் என்று சொன்னால் நீ அழுவாய், அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. உன் முற்றத்துக்கு வேறு வழி செய்துகொள்ளலாம் என்றுதான் அத்தனை யோசனையும் எழுதினேன். அத்தனையும் உன் நல்லதுக்குத்தான்.

இப்போது கண்ணாடிக்காரர் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். உன் சம்மதம் உண்மையா என்று தெருவில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு உன்னிடமே கேட்கப் போகிறாராம். இல்லையென்றால் விற்பனையே செல்லாது என்று மல்லுக்கு நிற்பார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் நாங்கள் நடுத்தெருவில்தான் நிற்கவேண்டும். உன் மருமகள் முகத்தை நினைத்துப் பார். நீ வாயைத் திறந்து பொய் சொல்ல வேண்டாம் அக்கா. அவர் கேட்கும்போது சும்மா தலையாட்டிவிடு. மற்றதை நான் அப்புறம் உனக்கு விவரமாக எழுதுகிறேன்.

என்றும் உன் அன்பை மறவாத,
தம்பி

*

டிசம்பர் 2

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் தடவை அழுதேன். இரண்டாவது தடவை வயிறெரிந்தது. மூன்றாவது தடவை, நான் கேட்ட ஒரே கேள்விக்கு மே மாதத்திலிருந்து நீ ஏன் பதில் எழுதவில்லை என்று விளங்கிவிட்டது.

இந்த உலகத்தில் என் தலையாட்டலை நம்பி யாரும் ஏமாறலாம். கண்ணாடிக்காரர் ஏமாந்தார், அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நீ ஏமாறவில்லை. அது சம்மதம் இல்லை, கேட்கவில்லை என்பதற்கு அடையாளம் என்று தெரிந்த ஒரே ஆள் நீதான். அதை எனக்குப் பழக்கியவனே நீ. என் காது போனபோது எனக்குத் துணையாக நீ கொடுத்ததை எடுத்தே என் கழுத்தை அறுத்திருக்கிறாய். வீட்டை விற்றது உன் இஷ்டம், அழுதுவிட்டு விட்டிருப்பேன். பஞ்சு போனதுகூட இன்னொரு வருஷம் உழைத்தால் வந்துவிடும். கலவைச் சட்டியோடு நான் உன் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது, என் காதை நம்பி என் முன்னாலேயே பேசினாயே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உன் யோசனைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தகரமும் வாட்டமும் நல்ல யோசனை, இல்லையென்று சொல்லமாட்டேன். களிமண்ணில் குழி வெட்டச் சொன்னாயே, கம்பி விடாதே என்றாயே, அதெல்லாம் யார் நல்லதுக்கு என்று நீயே உன்னைக் கேட்டுக்கொள்.

கண்ணாடிக்காரர் போன ஞாயிற்றுக்கிழமை வந்தார். கூடத் தபால்காரரும் சலவைக்கடை அம்மாவும் இருந்தார்கள். முற்றத்தில் தொட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். பிறந்ததிலிருந்து எனக்குத் தம்பி நீ. தலை தானாக அசையப் பார்த்தது. கழுத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டேன்.

"எனக்குக் காது கேக்காதுங்க. என்ன கேட்டீங்கன்னு எழுதிக் குடுங்க" என்றேன்.

இத்தனை வருஷத்தில் அந்நியர் முன்னால் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. வெட்கமாக இருக்கும் என்றுதானே பயந்தேன்? ஒன்றும் ஆகவில்லை. அவர் பையிலிருந்து பேனாவை எடுத்தார், எழுதினார், நீட்டினார். அவ்வளவுதான். இத்தனை சுலபமானதுக்கா உன் தயவில் இருந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். "அன்று உங்கள் தம்பி குழாயை அடைப்பது உங்களுக்குத் தெரியுமா?" என்று எழுதியிருந்தது. அதன் கீழேயே "தெரியாது" என்று எழுதிக் கொடுத்தேன். உங்களுக்குத் தெரியாமல் அடைத்ததை அப்படியே விட்டுவைக்க எனக்கு மனசில்லை என்று அவர் எழுதினார்.

நேற்று அவரே ஆள் வைத்துக் குழாய் வாயில் இருந்த அந்தச் செங்கல் அடைப்பை உடைத்தார். காலையில் ஆரம்பித்து விளக்கு வைக்கிறவரை உடைத்தார்கள். நல்ல கலவை அல்லவா? இன்று பெய்த மழை தொட்டியில் இறங்கி, அப்பா போட்ட வழியாகவே தெருவுக்குப் போயிற்று. நானும் அத்தானும் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் உன் சுகத்தைக் கேட்கவில்லை, கவனித்திருப்பாய். மருமகளிடம் அத்தை கேட்டதாகச் சொல்.

உனக்கும் கண்ணாடிக்காரருக்கும் நடுவில் இனி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அதை அவர் அப்புறம் உனக்கு எழுதிச் சொல்வார்.

பின்கட்டுக்காரி